பிரபுவும் பெண்ணும்

(ராஜபாளையத்தில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் பேசியதன் சாரம்)



இன்றைய தினம் மணமக்களை வாழ்த்திப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். வாழ்த்து என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நான் வாழ்த்துவதால் ஒருவர் நன்றாக வாழ்ந்துவிடப் போவதுமில்லை; வாழ்த்தாமற் போவதால் கெட்டுவிடப் போவதுமில்லை. ஆகையால் வாழ்த்துக்குப் பதிலாக ஒரு சங்கதி சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்திருக்கிறேன். அது ஒரு காதல் கதையைப் பற்றியது. கதை என்றதும் தாய்மார்கள் சிலர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறீர்கள். நல்லது.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இந்த ஊர்ப் பஞ்சாலை ஒன்றில் வேலைக்குப் போனவன். அதற்குமேல் தெரிந்துகொண்டதெல்லாம் லைப்ரரியில் உட்கார்ந்து படித்ததும், கூட்டங்களில் காதால் கேட்டதும்தான். இங்கிலீஷ் புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். ஆகவே நான் சொல்லுவதில் பிழையிருந்தால் படித்தவர்கள் திருத்த வேண்டும். நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இந்தப் பந்தலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

என் தங்கை மகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் காலேஜுக்குப் போய் வருகிற பெண். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கையிலிருக்கிற போனில் கதைப் புத்தகம் படிக்க ஆரம்பித்துவிடுவாள். ஒருநாள் நானும் அதே பஸ்ஸில் வந்தேன். "என்னம்மா இவ்வளவு கவனமாகப் படிக்கிறாய்?" என்று கேட்டேன். "ரீஜென்ஸி கதை மாமா" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ ஓட்டலின் பெயர் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அவளே கதையைச் சொன்னாள்.

இங்கிலாந்தில் ஒரு பிரபு. ஏகப்பட்ட நிலம், அரண்மனை மாதிரி வீடு, நாலு குதிரை பூட்டிய வண்டி. அவனுக்குத் தலைகொள்ளாத கர்வம். ஒரு நடன விருந்தில் நம் கதாநாயகியைப் பார்த்து, இவள் என்ன பெரிய அழகி என்று அவள் காதில் விழும்படியே பேசுகிறான். அவளோ ஏழை வீட்டுப் பெண். ஆனாலும் வாய்க்கு வாய் பதில் சொல்லுகிறவள். நாள் போகப் போக அந்தப் பிரபுவுக்கு அவள்மேல் ஆசை உண்டாகிறது. பிச்சை போடுகிறவன் மாதிரி, உன்னைக் கலியாணம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன் என்கிறான். அவள் முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்று சொல்லிவிடுகிறாள். அன்றோடு அவன் கர்வம் உடைகிறது. திருந்தி, தலைகுனிந்து, மறுபடியும் வந்து கேட்கிறான். கலியாணம் நடக்கிறது. கதை முடிகிறது.

இதே கதை நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம். ஆட்களின் பெயரும் உடுப்பின் நிறமும்தான் மாறுமாம். இதில் ஆச்சரியமென்ன? நம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கிக்கொண்டிருந்த மாத நாவல்களிலும் பாதிக்குப் பாதி இதுதானே! பிரபுவுக்குப் பதில் முதலாளி மகன், குதிரை வண்டிக்குப் பதில் மோட்டார் கார், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அந்தக் கர்வம் பிடித்தவனிடத்தில் உனக்கு என்னம்மா அவ்வளவு ஆசை?" என்று கேட்டேன். அதற்கு அந்தப் பெண் சொன்ன பதில் என்னை வாயடைக்கச் செய்துவிட்டது. "அவன்மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை மாமா. அவள் மாட்டேன் என்று சொல்லுகிற இடத்துக்காகத்தான் படிக்கிறேன். நம் வீட்டில் எந்தப் பெண் மாப்பிள்ளை முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்? பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் கேசரியும் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்" என்றாள்.

தோழர்களே! நாவல் படிக்கிற பெண்களைக் கேலி பேசுகிறவர்கள் நம்மிலும் உண்டு. நானும் பேசியிருக்கிறேன். அன்றிலிருந்து விட்டுவிட்டேன். வீட்டில் கிடைக்காததை ஒருத்தி புத்தகத்தில் தேடுகிறாள் என்றால், குற்றம் புத்தகத்தின் பேரிலா, வீட்டின் பேரிலா?

அந்தக் காலத்தின் யோக்கியதை

பிறகு அந்த ரீஜென்ஸி என்பது என்னவென்று நானும் படித்துப் பார்த்தேன். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜுக்குப் புத்தி பேதலித்துப் போனதால், 1811ஆம் வருஷம் முதல் அவர் மகன் ராஜப்பிரதிநிதியாக இருந்து ஆட்சி நடத்தினான். 1820இல் தகப்பனார் இறந்ததும் அவனே நான்காம் ஜார்ஜ் என்ற அரசனானான். இந்த ஒன்பது வருஷத்துக்குத்தான் ரீஜென்ஸி, அதாவது பிரதிநிதி ஆட்சிக் காலம் என்று பெயர். அப்போது இந்தத் திருநெல்வேலிச் சீமையும் நம்முடைய ஸ்ரீவில்லிபுத்தூரும் இங்கிலீஷ் கும்பெனிக்கு வரி கட்டிக்கொண்டிருந்தன. 1801இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கும்பெனியார் இதை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில்தான் ஜேன் ஆஸ்டின் என்ற பெண்மணி, கர்வமும் தப்பபிப்பிராயமும் என்று நாம் சொல்லத்தக்க பெயருடைய நாவலை 1813இல் வெளியிட்டார். என் தங்கை மகள் சொன்ன கதைகளுக்கெல்லாம் மூலக் கதை இதுவே. பிரபுவின் பெயர் டார்ஸி. பெண்ணின் பெயர் எலிசபெத். இதைப் பார்த்து, 1935 முதல் ஜார்ஜெட் ஹேயர் என்ற இன்னொரு பெண்மணி ரீஜென்ஸிக் கதைகளாகவே எழுத ஆரம்பித்து, அதுவே ஒரு தனிச் சரக்காகிவிட்டது. நமக்கும் ஜேன் ஆஸ்டின் அந்நியரல்ல. 2000இல் வந்த கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் என்ற சினிமா அந்த அம்மையாரின் வேறொரு கதையைத் தழுவியதுதான்.

அந்த அம்மையாரைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லுகிறேன். கதையில் வரும் டார்ஸிக்கு வருஷ வருமானம் 10,000 பவுன். அந்த டார்ஸியைப் படைத்த பெண்ணுக்கு, அந்தப் புத்தகத்தின் உரிமையை விற்றதில் மொத்தமாகக் கிடைத்தது 110 பவுன். புத்தகத்தில் அவர் பெயரும் இல்லை! முதல் நாவலை "ஒரு பெண்மணி எழுதியது" என்று மட்டும் போட்டு வெளியிட்டார்கள். பெண் கதை எழுதலாம். பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஆனால் அவர் பொய் எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எலிசபெத்தின் வீட்டில் ஐந்து பெண்கள். ஆண் பிள்ளை கிடையாது. ஆகவே தகப்பனார் செத்த மறுநாள் வீடும் நிலமும் ஒரு தூரத்துப் பங்காளிக்குப் போய்விடும் என்று பத்திரம் இருக்கிறது. எலிசபெத்தின் தோழி ஒருத்திக்கு 27 வயது. கையில் காசில்லை. எலிசபெத் வேண்டாமென்று தள்ளிய அந்த அசட்டுப் பங்காளியையே, ஒண்ட ஒரு வீடு கிடைக்கிறதே என்று அவள் கட்டிக்கொள்ளுகிறாள். ஒருத்தி மாட்டேன் என்றாள். இன்னொருத்தியால் அப்படிச் சொல்ல முடியவில்லை. இருவரையும் ஒரே புத்தகத்தில் வைத்தாரே, அதில்தான் அந்த அம்மையாரின் புத்தி இருக்கிறது. அவரும் 1802இல் ஒரு பணக்காரருக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மாட்டேன் என்று திருப்பிக்கொண்டவர். கடைசிவரை கலியாணமே செய்துகொள்ளவில்லை.

அசல் பிரபுவின் கதை

நாவலில் வரும் பிரபு திருந்தினான். அசல் பிரபு எப்படியிருந்தான் தெரியுமா? அந்த ராஜப்பிரதிநிதியையே எடுத்துக்கொள்ளுவோம். அவன் 1785இல் மரியா என்ற ஒரு விதவையை ரகசியமாகக் கலியாணம் செய்தான். ராஜகுடும்பத்துச் சட்டப்படி அது செல்லாதென்று சொல்லிவிட்டார்கள். பிறகு தலைக்குமேல் கடன் ஏறியது. கடனைத் தீர்க்க வேண்டுமானால் ராஜகுமாரி ஒருத்தியைக் கட்டு என்றார்கள். 1795இல் பிரன்ஸ்விக் ராஜகுமாரி காரொலினைக் கட்டினான். அவளை முதல் முதலில் பார்த்ததும் அவன் செய்த காரியம், பக்கத்திலிருந்தவனிடம் பிராந்தி கொண்டுவரச் சொன்னதுதான். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவ்வளவில் மனைவியைப் பிரித்து வைத்துவிட்டான்.

காரொலினும் சும்மா இருக்கிறவளல்ல. 1820இல் அவன் அரசனானதும், நான்தான் ராணி என்று வெளிதேசத்திலிருந்து லண்டனுக்கு வந்து நின்றாள். அவன் என்ன செய்தான்? அவள் நடத்தை சரியில்லையென்று பிரபுக்கள் சபையில் ஒரு மசோதாக் கொண்டுவந்து, அவளுடைய படுக்கை விரிப்பு முதற்கொண்டு விசாரிக்க வைத்தான். அவனுடைய நடத்தையை விசாரிக்க ஒரு சபையும் கூடவில்லை! ஊர் ஜனங்கள் எல்லோரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டதால் மசோதாவைக் கைவிட்டார்கள். 1821இல் முடிசூட்டு விழாவன்று கோயில் வாசலில் அவள் போய் நின்றபோது கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த மாதமே செத்துப் போனாள்.

ராணிக்கே இந்தக் கதியென்றால் மற்றப் பெண்களின் கதி என்ன?

ஒன்றாகிவிடுதல்

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வருகிறது. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டப்படி, கலியாணம் ஆனதும் புருஷனும் பெண்சாதியும் ஒரே ஆள். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது பாருங்கள்! இருவரும் ஒன்றாகிவிட்டார்களாம்! ஆனால் அந்த ஒரு ஆள் யார் என்று கேளுங்கள். புருஷன்தான் அந்த ஆள். பெண்சாதி அவனுக்குள் மறைந்து போய்விடுவாள். அவள் கையிலிருந்த பணம் அவனுடையது. அவள் சம்பாதிக்கும் கூலி அவனுடையது. அவள் நிலத்தின் குத்தகையை வாங்குகிறவன் அவன். தன் பெயரில் அவள் ஒரு ஒப்பந்தம் செய்ய முடியாது. அவன் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. பெற்ற பிள்ளைகள்கூட அவனுக்கே சொந்தம். பணக்கார வீட்டார் மட்டும் தங்கள் பெண்ணுக்கென்று தனியாகப் பத்திரம் எழுதி வைத்துச் சற்றுத் தப்பித்துக்கொண்டார்கள். ஏழைப் பெண்ணுக்குப் பத்திரமேது?

காரொலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் ஒருவர் இருந்தார். புருஷன் அவரை அடித்தான். 1836இல் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு, அவர்மேல் பழி சுமத்தி வழக்கும் நடத்தித் தோற்றான். தோற்ற பிறகும் பிள்ளைகள் அவனிடத்திலேதான். அந்த அம்மாள் எழுதிச் சம்பாதித்த பணத்துக்கும் பாத்தியதை அவனுக்கேதான்! அவர் விடாமல் எழுதிப் போராடியதால் 1839இல் தாய்க்குப் பிள்ளைகள்மேல் கொஞ்சம் உரிமை கொடுத்து ஒரு சட்டம் வந்தது. 1857வரை முழு விவாகரத்து வேண்டுமானால் பார்லிமெண்டில் தனிச் சட்டமே செய்ய வேண்டும். மனைவி தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ள 1870இலும், சொத்தையெல்லாம் தன் பெயரில் வைத்துக்கொள்ள 1882இலும்தான் சட்டம் வந்தது.

ஆகவே தோழர்களே, எலிசபெத் "மாட்டேன்" என்று சொன்னாளே, அது அவளுடைய வாயால் சொன்னது, அவளுக்குச் சொந்தமானது. ஆனால் பிறகு "சரி" என்று சொல்லி மோதிரம் மாட்டிக்கொண்ட நிமிஷத்தோடு, சட்டத்தின் கண்ணில் அவள் காணாமற் போனாள். நாவலும் அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் எழுத அங்கே தனி ஆளாக அவள் இல்லையே!

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்

நமது ஊர்ச் சங்கதியை விட்டுச் சீமைச் சங்கதி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஊர்ச் சங்கதிக்கே வருகிறேன். என் தங்கை மகள் பஸ் ஏறுகிற ஊரில் ஒரு கோபுரம் இருக்கிறது. நம் தமிழ்நாட்டு அரசாங்க முத்திரையில் இருப்பதும் அந்தக் கோபுரம்தான் என்று பலர் சொல்லுகிறார்கள். அந்த ஊரில் ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் ஆண்டாள் என்று ஒரு பெண் இருந்தாள். கடவுள் சங்கதியை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். அதைப் பற்றி என் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். கலியாண வீட்டில் அதைக் கிளப்ப நான் வரவில்லை. திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாட்டுகள் அவள் பெயரில் இருக்கின்றன. அவற்றைப் பாடிய ஒரு பெண்ணைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அவளும் ஒரு பிரபுவைத்தான் விரும்பினாள். ரெங்கமன்னார் என்ற பெயரிலேயே மன்னன் இருக்கிறான். அவனுக்கென்று கட்டிய மாலையை முதலில் தான் சூடிப் பார்த்தாள். இது அவனுக்கு அழகா என்று பார்ப்பதற்குமுன், இது எனக்கு அழகா என்று பார்த்தவள் அவள். மனிதன் எவனுக்கும் என்னைப் பேசி முடிக்காதீர்கள் என்று வெளிப்படையாகப் பாடினாள். மேகத்தைத் தூது விட்டாள், குயிலைக் கெஞ்சினாள். அவன் வராமற் போகவே, அவனுக்கு நியாயமே தெரியாதென்று ஏசினாள். வேதனை முற்றிய இடத்தில் அவன் மார்பின்மேல் எதைப் பறித்து எறிவேன் என்று சொன்னாளோ, அதை இங்கே நான் சொல்லப் போவதில்லை. புத்தகம் கிடைக்கிறது, படித்துப் பாருங்கள். பெண் என்றால் அடக்கம் என்கிறவர்கள், மார்கழி மாதம் அதிகாலையில் யாருடைய பாட்டைப் பாடுகிறோம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

அவள் தகப்பனாருக்கும் ஒரு மரியாதை சொல்ல வேண்டும். பெரியாழ்வார் முதலில் மாலை விஷயத்தில் கோபித்துக்கொண்டார் என்றுதான் கதை. ஆனால் மகள் மாட்டேன் என்றபோது அடித்து உதைக்கவில்லை. அறையில் பூட்டி வைக்கவில்லை. அப்படியானால் உனக்கு யார்தான் வேண்டும் என்று கேட்டார். அவரைக் கும்பிடுகிற தகப்பன்மார்களில் எத்தனை பேர் தம் மகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்? 2016இல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தானாக விரும்பிக் கலியாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் கண்முன்னே அவள் புருஷனைப் பட்டப்பகலில் வெட்டிப் போட்டார்கள். வயது வந்த இருவர் கலியாணம் செய்துகொள்ள வீட்டாரின் சம்மதமோ ஜாதியாரின் சம்மதமோ வேண்டியதில்லை என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது. பெண் மாட்டேன் என்றாலும் குற்றம். சரி என்றாலும் குற்றம்!

போகட்டும். ஆண்டாள் கதை எப்படி முடிகிறது? பல்லக்கில் ஏற்றி ஸ்ரீரங்கம் கொண்டுபோனார்கள். அவள் உள்ளே போனாள். அவனோடு ஐக்கியமாகிவிட்டாள். அவ்வளவுதான். தகப்பனார் தனியாக ஊர் திரும்பினார். பக்தர்கள் இதைப் பெரிய பாக்கியம் என்கிறார்கள். அது அவர்கள் நம்பிக்கை. நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனிக்கச் சொல்லுகிறேன். அதுவரை 173 பாட்டுப் பாடியவள், அதற்குப் பிறகு பாடியதாக ஒரு பாட்டுகூட இல்லை.

சீமையில் சட்டம் "ஒன்றாகிவிட்டார்கள்" என்றது. இங்கே கதை "ஐக்கியமாகிவிட்டாள்" என்றது. வார்த்தை வேறு, காரியம் ஒன்று. பெண்ணின் ரோஷத்தை உலகம் எதுவரை மெச்சுகிறதென்றால், அவள் கழுத்தில் மாலை விழுகிற வரைக்கும்தான்.

நம்முடைய மாலை

அதனால்தான் நம்மவர்கள் கலியாணத்தையே மாற்றியமைக்க வேண்டுமென்று ஆரம்பித்தார்கள். இங்கேயிருந்து வெகு தூரமில்லை. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற சிறு கிராமம். 1928இல் பெரியார் அங்கே ஒரு திருமணத்தை நடத்தி வைத்தார். புரோகிதரும் இல்லை, மந்திரமும் இல்லை. அடுத்த வருஷம் செங்கல்பட்டு மாநாட்டில், பெண்ணுக்கும் ஆணைப் போல் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐயரை நிறுத்திவிட்டுச் சொத்தை மட்டும் ஆணிடத்திலேயே வைத்துக்கொண்டால், அது பாதிக் கலியாணம்.

1953இல் சென்னை ஹைக்கோர்ட்டு இந்தக் கலியாணம் செல்லாதென்றது. 1967இல் அண்ணா முதல் மந்திரியாக இருந்தபோது சட்டம் செய்து, முன்னால் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும்படி செய்தார்கள். அந்தச் சட்டம் கேட்பது வெகு சிறிய காரியம். உற்றார், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற பாஷையில், இவரை நான் ஏற்கிறேன் என்று இருவரும் சொல்ல வேண்டும். அல்லது ஒருவருக்கொருவர் மாலையிட வேண்டும், மோதிரம் மாற்றலாம், தாலியும் கட்டலாம். கவனியுங்கள்! ஒருவருக்கொருவர். அதில் ஒருவருக்குள் இன்னொருவர் மறைவது கிடையாது. மேடைக்கு இரண்டு பேர் வருகிறார்கள்; மேடையைவிட்டு இரண்டு பேராகவே இறங்குகிறார்கள். இதைப் பெரிய கூட்டம் கூட்டித்தான் செய்ய வேண்டுமென்பதுகூட இல்லையென்று 2023இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

என் குற்றம்

தோழர்களே! இவ்வளவும் சொன்னவன் யோக்கியன்தானா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தகப்பனார் தாம் சம்பாதித்த பணத்தில் ஏழரை சென்ட் இடம் வாங்கி ஒரு ஓட்டு வீடு கட்டினார். உயில் எழுதாமல் இறந்தார். 1956ஆம் வருஷத்துச் சட்டப்படியே அதில் எங்கள் அம்மாவைப் போலவும் என்னைப் போலவும் என் தங்கைக்கும் சமபங்கு உண்டு. அது எனக்குத் தெரியாதா? பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருந்தவன் நான்! அம்மாவும் காலமான பிறகு, ஒருநாள் தங்கையைச் சப்-ரிஜிஸ்தரார் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஊர் உலகத்தில் எல்லோரும் செய்கிறதுதானே என்று நினைத்தேன். அன்றைக்கு அவளுக்குக் கறிச்சோறும் ஒரு புடவையும் கொடுத்தேன். பெரிய மனசு பண்ணிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் அந்தப் பெண் சொன்ன வார்த்தை பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போய், "நீ ஏனம்மா அன்றைக்கு மாட்டேன் என்று சொல்லவில்லை?" என்று கேட்டேன். அடுப்படியில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். "நீ பேசுகிற கூட்டத்துக்கெல்லாம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் அண்ணே நான். நீ என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவே இல்லையே. கையெழுத்துப் போடுகிற இடத்தைத்தானே விரலால் காட்டினாய்" என்றாள்.

நானும் ஒரு பிரபுதான் தோழர்களே! ஏழரை சென்ட் பிரபு! டார்ஸியாவது கேட்டுவிட்டு மாட்டேன் என்ற பதிலை வாங்கிக்கொண்டான். நான் கேட்கவே இல்லை.

பிறகு பாதி இடத்தை அவள் பெயருக்கு செட்டில்மெண்டு எழுதிப் பதிவு செய்து கொடுத்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவளுடையதைத்தான் அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அதுவும் பல வருஷம் கழித்து. இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பிமார்களில் எத்தனை பேர் வீட்டு இரும்புப் பெட்டியில் அந்த விடுதலைப் பத்திரம் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இன்று ராத்திரி வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள்.

மணமக்களுக்கு

மணமகனாகிய தோழரே! கதையில் பிரபு ஒருநாள் தலைகுனிந்தான், எல்லோரும் கைதட்டினார்கள். ஒருநாள் குனிவது சுலபம். கலியாணத்துக்கு மறுநாளும், பத்து வருஷம் கழித்தும் பெண்ணை ஒரு தனி ஆளாக மதிப்பதுதான் கஷ்டம். நீங்கள் சாப்பிட்ட தட்டை நீங்கள் கழுவுங்கள். வீடு கட்டினால் பத்திரத்தில் இரண்டு பெயர் இருக்கட்டும். அவர் வேலைக்குப் போகலாமா என்று உங்களைக் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்; நீங்கள் வேலைக்குப் போகிறபோது அவரைக் கேட்டுக்கொண்டா போகிறீர்கள்?

மணமகளாகிய தோழியே! உங்கள் சம்பளம் உங்கள் பெயரிலுள்ள பாங்கிக் கணக்கில் இருக்கட்டும். உங்கள் சர்ட்டிபிகேட்டுகள் உங்கள் பெட்டியில் இருக்கட்டும். 2009ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்தக் கலியாணத்தை 90 நாளைக்குள் பதிவு செய்து, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணன் நீட்டினாலும் சரி, புருஷன் நீட்டினாலும் சரி. இன்று ஏற்கிறேன் என்று சொன்ன வாய்க்கு, நாளை வேண்டாதபோது மாட்டேன் என்று சொல்லவும் உரிமை உண்டென்பதை மறக்க வேண்டாம்.

பாட்டுப் பாடத் தெரிந்தால் பாடுவதை நிறுத்த வேண்டாம். எழுதத் தெரிந்தால் எழுதுங்கள், பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். கலியாணத்தோடு கதை முடிந்தது என்று எவனும் சொல்லாதபடி உங்கள் இருவர் வாழ்க்கையும் இருக்கட்டும்.

 பந்தி காத்திருக்கிறது. முதல் பந்தியில் இன்றைக்காவது தாய்மார்கள் உட்காரட்டும். நாம் பரிமாறுவோம் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.